கடலும் குளமும்: நெடுந்தூர நீச்சல் வரலாற்றில் தமிழர்

1998-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கோலாலம்பூர் மாநகரம் காமன்வெல்த் விளையாட்டு விழாவை ஏற்று நடத்திற்று. ஆசியக் கண்டத்தில் அவ்விழா நிகழ்ந்தது அதுவே முதன்முறை. நகரின் தென்பால் புக்கிட் ஜாலிலில் எழுப்பப்பெற்ற தேசிய நீச்சல் மையத்தில் ஆஸ்திரேலிய இளைஞர் இருவர்மீது உலகின் கண் பதிந்திருந்தது. ஒருவர் இயான் தோர்ப். அப்போது அவருக்கு வயது 15. பிரீஸ்டைல் என வழங்கும் கட்டற்ற நீச்சலில் 400 மீட்டர்த் தொலைவை அவர் 3 நிமிடம் 44.35 விநாடியில் நீந்தி முடித்தார். அந்நாளில் நிலவிய உலகச் சாதனைக்கும் அதற்கும் இடையே இருந்தது ஏறத்தாழ அரை விநாடியே. மற்றவர் கிராண்ட் ஹாக்கெட். வயது 18. நெடுந்தூரப் போட்டியாகிய 1500 மீட்டரில் பொற்பதக்கம் அவர்க்கு உரியதாயிற்று. ஈராண்டுகளுக்குப் பின் சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டரைத் தோர்ப்பும் 1500 மீட்டரை ஹாக்கெட்டும் வென்றனர். ஆகவே, உலக நெடுநீச்சலின் புதிய தலைமுறையைக் கோலாலம்பூர் மக்கள் தம் ஊர்க் குளத்திலேயே முன்கூட்டிக் கண்டனர் எனலாம்.

அக்குளம் அமைந்த நிலத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. புக்கிட் ஜாலில் முன்னாளில் ஒரு தோட்டம். அங்கே பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள் தமிழ்த் தொழிலாளர். மரங்கள் வீழ்ந்து அரங்குகள் எழுந்த பின்னரும் அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அவ்வட்டாரத்தில் நிலைத்திருக்கிறது. தமிழர் வியர்வை சிந்திய மண்ணிலே உலகின் சிறந்த நீச்சற்குளங்களுள் ஒன்று அமைந்தது. ஆயினும் அக்குளத்தில் நெடுந்தூர நீச்சலுக்கு இறங்கிப் புகழ்பெற்றார் வரிசையில் தமிழ்ப்பெயரைத் தேடினால் கிட்டுவதில்லை. இத்தனைக்கும் பாக்கு நீரிணையைத் தம் கைகளாலேயே கடந்தவர் தமிழர். கடலை வென்ற ஓரினம் குளத்தில் முன்னிற்காதது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, நெடுநீச்சலின் வரலாற்றைச் சற்றே பின்சென்று காணல் வேண்டும்.

இலக்கியத்தில் நீச்சல்

நீச்சல் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 243-ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதுபெரும் புலவர், ஊன்றுகோல் பற்றி நடக்கும் காலத்தில் தம் இளமையை எண்ணி இரங்குகிறார். அவர் நினைவில் முன்வந்து நிற்பது போர்க்களமும் அன்று, அரசவையும் அன்று. ஆழ்ந்த நீர்த்துறையில் மரத்திலிருந்து பாய்ந்து மூழ்கி, அடிமணலை அள்ளிவந்து காட்டிய சிறுபருவமே. கொற்கை முதலிய துறைகளில் முத்துக்குளித்தோரின் மூச்சடக்கும் திறம் தொன்றுதொட்டுப் புகழ்பெற்றது. திருக்குறளின் முதல் அதிகாரமே பிறவியைக் கடலாகவும் வாழ்வை நீந்துதலாகவும் உருவகிக்கிறது.

எனினும் ஒன்று கருதத்தக்கது. இவ்விடங்களில் எல்லாம் நீச்சல் விளையாட்டாக வருகிறது, தொழிலாக வருகிறது, கரைசேரும் உவமையாக வருகிறது. நேரத்தை அளந்து, தொலைவை வகுத்து, ஒருவரோடொருவர் போட்டியிடும் கலையாக வரவில்லை. அவ்வாறு அளந்து நீந்தும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டில் உருப்பெற்றது.

கடலினின்று குளத்திற்கு

1875-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மாத்யூ வெப் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அவர் நீந்தியது மார்பு நீச்சல் முறையில். அந்நிகழ்ச்சி நெடுநீச்சலுக்கு உலகளாவிய மதிப்பைத் தேடித் தந்தது.

1896-இல் ஏதென்ஸ் நகரில் புத்துயிர் பெற்ற ஒலிம்பிக்கில் நீச்சற்போட்டிகள் கடலிலேயே நடந்தன. போட்டியாளரைப் படகில் ஏற்றிச்சென்று நடுநீரில் இறக்கி, கரைநோக்கி நீந்தச் செய்தனர். 1200 மீட்டரில் வென்றவர் ஹங்கேரி நாட்டு ஆல்பிரட் ஹாயோஷ். குளிரைத் தாங்க உடல் முழுதும் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கிய அவர், வெல்லும் வேட்கையை விட உயிர்பிழைக்கும் வேட்கையே அன்று மேலோங்கியிருந்ததாகப் பின்னாளில் கூறினார். 1900-இல் பாரிஸ் போட்டிகள் சேன் ஆற்றில் நிகழ்ந்தன. ஆற்றின் ஓட்டமும் நீந்துவோர்க்குத் துணைநின்றது.

1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெருமாற்றம் நேர்ந்தது. ஓட்டப்பந்தய அரங்கின் நடுவே 100 மீட்டர் நீளமுள்ள குளம் ஒன்றை அமைத்தனர். அவ்வாண்டிலேயே லண்டனில் உலக நீச்சற் கூட்டமைப்பும் நிறுவப்பெற்றது. ஆடவர் நெடுநீச்சலின் தொலைவு 1500 மீட்டர் என வரையறுக்கப்பட்டு நிலைபெற்றது. 1924-இல் பாரிஸில் 50 மீட்டர்க் குளமும் வழிபிரிக்கும் கயிறுகளும் வந்தன. அலையும் ஓட்டமும் நீங்கின. எஞ்சியவை மனிதனும் கடிகாரமும் மட்டுமே. ஓர் ஊரில் நீந்திய நேரத்தை மற்றோர் ஊரில் நீந்திய நேரத்தோடு ஒப்பிடல் இயல்வதாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவு கருதத்தக்கது. கடல் எல்லார்க்கும் பொது. கரையில் பிறந்தவன் இறங்கி நீந்தலாம். குளமோ ஒருவர் கட்டினால்தான் உண்டு. நீரை மாற்றித் தூய்மை பேணினால்தான் உண்டு. கட்டியவர் உள்ளே விட்டால்தான் உண்டு. ஆகவே, 1908-க்குப் பின் நெடுநீச்சலின் வரலாறு ஒருவகையில் குளங்களின் வரலாறாகவும் ஆயிற்று.

ஆலைத் தொழிலாளியும் பள்ளிச் சிறுவனும்

1908-இல் 1500 மீட்டரை வென்றவர் இங்கிலாந்தின் ஓல்டம் வட்டாரத்தைச் சேர்ந்த ஹென்றி டெய்லர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 22 நிமிடம் 48.4 விநாடி. அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர், பெற்றோரை இழந்தவர், பஞ்சாலையில் வேலை செய்தவர். உணவு இடைவேளையில் கால்வாயில் நீந்திப் பழகினார். ஊரின் பொதுக்குளத்தில் நீர் மாற்றுவதற்கு முந்திய நாள் அழுக்கு நீர் நாள் எனப்பட்டது. அன்று கட்டணம் குறைவு. டெய்லர் அந்நாளில் சென்று பயின்றார். அவ்வொலிம்பிக்கில் அவர் பெற்ற பொற்பதக்கங்கள் மூன்று. பிற்காலத்தில் அப்பொதுக்குளத்திலேயே ஏவலராகப் பணிபுரிந்து, 1951-இல் வறுமையில் மறைந்தார். வறியவன் ஒருவன் உலக வீரன் ஆனான் என்றால், அழுக்கு நீராயினும் அவனுக்கு ஒரு குளம் திறந்திருந்தது என்பதை மறத்தலாகாது.

அடுத்து நோக்கத்தக்கது ஜப்பான். 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் நீச்சற்போட்டிகள் ஆறனுள் ஐந்தை ஜப்பானியர் கைப்பற்றினர். 1500 மீட்டரை வென்ற குசுவோ கித்தமூராவுக்கு வயது 14. ஆடவர் ஒலிம்பிக் நீச்சலில் தனிப்போட்டியில் பொன் வென்றாருள் அவரினும் இளையவர் இல்லை. மேனாட்டார் உடலமைப்பே நீச்சலுக்கு ஏற்றது என்று அந்நாளில் பேசியோர்க்கு இது தக்க மறுமொழி. பள்ளிச் சிறுவர்க்கு முறையான பயிற்சி அளித்ததால் உயரத்திற் குறைந்த ஓரினம் உலகை வென்றது.

பயிற்சியின் தேவை ஆண்டுதோறும் பெருகிற்று. 1980-இல் மாஸ்கோவில் சோவியத் வீரர் விளாடிமிர் சால்னிகோவ் 1500 மீட்டரை 14 நிமிடம் 58.27 விநாடியில் முடித்து, 15 நிமிட எல்லையை முதன்முதல் கடந்தார். 2024-இல் பாரிஸில் அமெரிக்கர் பாபி ஃபிங்க் 14 நிமிடம் 30.67 விநாடியில் உலகச் சாதனை நிறுவினார். டெய்லரின் நேரத்திலிருந்து எட்டு நிமிடத்துக்கு மேல் குறைந்துவிட்டது. 50 மீட்டர்க் குளத்தில் 30 முறை செல்ல வேண்டிய இப்போட்டியில், ஒவ்வொரு முறைக்கும் சராசரி 29 விநாடி ஆகிறது. இவ்விரைவை இறுதிவரை காக்க, சிறுவயது முதலே நாள்தோறும் பல கிலோமீட்டர் நீந்திப் பழக வேண்டும். உயர்நிலை வீரர் நாளொன்றுக்கு 10 கிலோமீட்டருக்கு மேலும் நீந்துவது உண்டு. மூச்சும் இதயமும் தோளும் அவ்வுழைப்பிற்குப் பழகப் பல்லாண்டுகள் செல்லும். வாரத்திற்கு ஒருநாள் குளத்திற்குச் செல்பவனுக்கு இது கைகூடாது.

பாக்கு நீரிணையின் வீரர்கள்

இனித் தமிழரிடம் வருவோம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையிலே தொண்டைமானாறும் வல்வெட்டித்துறையும் கடலோடு பிறந்த ஊர்கள். 1954-ஆம் ஆண்டு மு. நவரத்தினசாமி என்பார் வல்வெட்டித்துறையிலிருந்து இறங்கி, ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து நீந்தித் தமிழகத்தின் கோடிக்கரையை அடைந்தார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல்வர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென், தலைமன்னார்க் கடலை நீந்தி உலகப்புகழ் கொண்டது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1966-இல்தான்.

நவரத்தினசாமியின் வழியில் தோன்றியவர் ஆழிக்குமரன் ஆனந்தன். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த இவர் பிறந்தது 1943-இல். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாத நோய் இவரைத் தாக்கியது. கற்றுத் தேர்ந்து வழக்கறிஞரும் ஆனார். 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தித் திரும்பினார். செல்கையும் மீள்கையுமாகச் சென்ற நேரம் 51 மணி. பின்னர் வேறு பல துறைகளிலும் உலகச் சாதனைகள் நிறுவினார். 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டில், வெப் கடந்த அதே ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் துறந்தார். கடலைத் தந்தையெனக் கொண்டவர்க்குக் கடலே முடிவிடமாயிற்று.

தமிழகத்திலும் இத்தகைய ஒருவர் தோன்றினார். ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன், 1994-இல் தம் 12-ஆம் வயதிலேயே பாக்கு நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிகிர் சென் 1966-இல் ஐந்தைக் கடந்து நிறுவியிருந்த சாதனையை முறியடித்தார். 1996-இல் அர்ச்சுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் நீச்சலைத் தொடரப் போதிய பொருளுதவி கிட்டாமையால், அவர் கல்வியின்பால் திரும்பினார்.

இரு சிறுவர்

ஆனந்தனுக்கு ஓராண்டு முன்னர், 1942-இல், பால்டிக் கடற்கரை நாடாகிய லாத்வியாவில் ஜான் கான்ராட்ஸ் என்னும் குழந்தை பிறந்தது. போரின் கொடுமைக்கு அஞ்சி அக்குடும்பம் ஜெர்மனிக்கு ஓடி, 1949-இல் ஆஸ்திரேலியாவில் அகதிகளாகக் குடியேறியது. குடியேறியோர் முகாமில் அச்சிறுவனையும் இளம்பிள்ளைவாதம் பற்றியது. கால்கள் வலுப்பெற வேண்டி அவனுக்கு நீச்சல் கற்பித்தனர். பின்னர் அவன் படித்த தொடக்கப்பள்ளியில் டான் டால்பட் என்னும் இளம் ஆசிரியர் இருந்தார். சிறுவனின் திறத்தைக் கண்டு அவனைப் பயிற்சிக் குளத்திற்கு அழைத்துச் சென்றவர் அவரே. 1958-இல் 15 வயதிலேயே கான்ராட்ஸ் உலகச் சாதனைகள் பலவற்றை நிறுவினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 17 நிமிடம் 19.6 விநாடியில் நீந்திப் பொன் வென்றார்.

இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். இருவரையும் தாக்கியது ஒரே நோய். இருவர்க்கும் நீரே மருந்தும் புகழும் ஆயிற்று. வேற்றுமை எங்கே தோன்றுகிறது? கான்ராட்ஸின் பள்ளியில் நீச்சலறிந்த ஓர் ஆசிரியர் இருந்தார். அருகே குளம் இருந்தது. அளந்து கூறக் கடிகாரம் இருந்தது. ஆனந்தனின் வாயிலில் இருந்தது கடல் மட்டுமே. எனவே ஒருவர் 17 நிமிடப் போட்டியில் ஒலிம்பிக் வீரரானார். மற்றவர் 51 மணி நேரம் அலையோடு பொருதார். மனவுரத்தில் ஆனந்தன் கான்ராட்ஸுக்குச் சற்றும் இளைத்தவர் அல்லர். ஒருவேளை மிக்கவரும் ஆகலாம். தமிழர் கடலை நாடியது குளத்தை வெறுத்ததனால் அன்று. அவர்க்குத் திறந்திருந்த நீர் அது ஒன்றே என்பதனால்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இவ்வுண்மை மலேசியத் தமிழர்க்கும் பொருந்தும். கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் 1901-இல் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம், பின்னாளில் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. நாகையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரஜூலா முதலிய கப்பல்களில் வந்த தமிழர் பலர் கால்பதித்த துறைகளுள் அதுவும் ஒன்று. அவர்கள் கடல் கடந்து வந்தவர்களே. ஆயினும் வந்தபின் வாழ்ந்த இடம் கடற்கரை அன்று. உள்நாட்டுத் தோட்டங்களும் இருப்புப்பாதை ஓரங்களும் ஆகும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வேயில் பணிபுரிந்த யாழ்ப்பாணத் தமிழர் பலர் குடியிருந்தனர். நவரத்தினசாமி நீந்திய கடலின் கரையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பாடசாலையும் கோயிலும் நூல்நிலையமும் அவர்கள் தொடக்கத்திலேயே எழுப்பினர். நீச்சற்குளம் அவ்வரிசையில் இடம்பெறவில்லை.

தோட்டப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நீர் வேறு: ஆறு, அல்லூர், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டை. கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் ஈயம் தோண்டிய குழிகளில் நீர் தேங்கி நின்றது. கரை செங்குத்தாகச் சரிந்து ஆழம் திடீரெனப் பெருகும் அக்குட்டைகளில் சிறுவர் பலர் மூழ்கி மாண்டனர். தண்ணீர்ப்பக்கம் போகாதே என்று தாய்மார் தடுத்தனர். நீச்சல் கற்பதற்கு முன்பே நீரை அஞ்சக் கற்றது ஒரு தலைமுறை. தாய்மார் மேல் குறைகூற இடமில்லை. கற்பிப்பவரும் காப்பவரும் இல்லாத நீர் கூற்றுவனுக்கு ஒப்பே.

அதே நகரில் சீனர் செய்ததை ஒப்புநோக்கலாம். சின் வூ சங்கத்தார் 1953-இல் கோலாலம்பூரில் தமக்கென விளையாட்டரங்கம் திறந்தனர். அவ்வரங்கத்து நீச்சற்குளத்தில் தலைமுறை தலைமுறையாக நகர மக்கள் நீந்தினர். மலேசியாவின் நெடுநீச்சல் வரலாற்றில் பின்னர்த் தோன்றிய ஜெஃப்ரி ஓங், 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் நாட்டின் சார்பில் நீந்தினார். சரவாக்கின் கூச்சிங் நகரைச் சேர்ந்த வெல்சன் சிம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, 2017-இல் புக்கிட் ஜாலிலில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் 400 மீட்டரை வென்றார். கடல் நீச்சலில் அப்துல் மாலிக் மைடின் 2003-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, அதனைக் கடந்த முதல் மலேசியரானார். ஒரு சங்கத்தின் குளமே இவர்களையெல்லாம் ஆக்கிற்று என்பது கருத்தன்று. நீச்சலைத் தம் சமூகத்தின் கடமைகளுள் ஒன்றாக எண்ணிக் குளம் வெட்டிய மனப்பாங்கே இங்குக் கருதற்பாலது.

மீண்டும் ஆற்றிற்கு

நெடுநீச்சலின் வரலாறு இந்நாளில் தொடங்கிய இடத்திற்கே திரும்பியிருப்பது வியப்புக்குரியது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் திறந்தநீரில் 10 கிலோமீட்டர் நீச்சல் சேர்க்கப்பட்டது. ஆடவருள் அதனை முதலில் வென்ற நெதர்லாந்து நாட்டு மார்ட்டின் வான் டெர் வெய்டன், இரத்தப் புற்றுநோயினின்று மீண்டவர். துனிசிய நாட்டு உசாமா மெல்லூலி 2008-இல் 1500 மீட்டரையும், 2012-இல் லண்டனில் 10 கிலோமீட்டரையும் வென்று, குளமும் திறந்தநீரும் ஒருவர்க்கே வசமாகும் எனக் காட்டினார். 2024-இல் அப்போட்டி மீண்டும் பாரிஸின் சேன் ஆற்றில் நடந்தது. வென்றவர் ஹாயோஷின் நாட்டவராகிய கிறிஸ்டோஃப் ரசோவ்ஸ்கி.

ஆனால் இத்திறந்தநீர் வீரரும் குளத்தில் வளர்ந்தவர்களே. கடலுக்குச் செல்லும் வழியும் இன்று குளத்தின் வழியேதான் செல்கிறது. இதனை உணர்ந்தே போலும், ஆனந்தன் பிறந்த வல்வெட்டித்துறையில் அவர் பெயரால் ஒரு நீச்சல் தடாகம் அமைந்துள்ளது. எல்லையற்ற கடலை வாயிலில் கொண்ட ஊரார், தம் பிள்ளைகளுக்கு அளவுள்ள ஒரு குளமும் வேண்டும் என்று கருதினர். வீரனுக்குச் சிலை வைப்பதினும் இது சிறந்த நினைவு எனல் மிகையாகாது.

புக்கிட் ஜாலிலில் குளம் ஆயத்தமாக இருக்கிறது. அதை வெட்டும் செலவு தமிழர் தலைமேல் விழவில்லை. எஞ்சி நிற்பது டான் டால்பட் செய்த பணியே. நீரைக் கண்டு அஞ்சாத ஒரு பிள்ளையை வகுப்பில் இனங்கண்டு, அதன் பெற்றோரிடம் பேசி, கைப்பிடித்துக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லும் ஓர் ஆசிரியர் போதும். தொடித்தலை விழுத்தண்டினார் முதுமையில் எண்ணி ஏங்கிய நீராடல், அதன்பின் பழங்கதையாக மட்டும் நில்லாது.